ஒரு பட்டியலோடு சியரா லியோனுக்கு

எங்கள் பக்கத்தில் வெளிநாடு என்றால் சம்பாத்தியம். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ ஆள் போகாத தெருவே கிடையாது. ஏஜென்டுக்கு எவ்வளவு கட்டினாய், மாதம் எவ்வளவு தருவார்கள், சாப்பாடும் ரூமும் கம்பெனி பொறுப்பா என்று கேள்விகள் இந்த வரிசையில்தான் வரும். மேற்கு ஆப்பிரிக்காவில் சியரா லியோன் என்ற நாட்டுக்கு ஓராண்டு போகிறேன், வேலை நிறைய, சம்பளம் என்று எதுவும் இல்லை என்று நான் சொன்னபோது அம்மாவுக்கு அது எந்தக் கணக்கிலும் அடங்கவில்லை.

"ஏண்டி, காசும் இல்லாம அவ்வளோ தூரம் போயி என்ன செய்யப்போற?"

"ஆஸ்பத்திரி மிஷினெல்லாம் ரிப்பேர் பாக்கப் போறேம்மா."

"அத இங்கயே பாத்தா ஆகாதா?"

நியாயமான கேள்வி. அம்மாவுக்கு அன்றைக்கு நான் சொன்ன பதில் அவளுக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை.

நான் பயோமெடிக்கல் இன்ஜினீயர். திருச்சியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வென்டிலேட்டர், மானிட்டர், இன்குபேட்டர், சக்‌ஷன் மிஷின் என்று இவற்றோடுதான் என் பிழைப்பு. டாக்டரும் நர்ஸும் நோயாளியைப் பார்த்துக்கொள்கிறார்கள், அவர்கள் கையில் இருக்கும் கருவியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். 2021 மே மாதம் கொரோனா இரண்டாம் அலையின்போது ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் என்ற பெயர் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. சக்கரம் வைத்த சின்னப் பெட்டி. கரண்ட்டில் செருகினால் அறையின் காற்றை இழுத்து, அதிலுள்ள நைட்ரஜனை ஜியோலைட் என்ற மணிகளில் பிடித்துவைத்துக்கொண்டு, 90 விழுக்காட்டுக்கும் மேலான ஆக்சிஜனை மூக்குக்குழாய்க்கு அனுப்பும். அந்த மாதம் நன்கொடையாக வந்து இறங்கிய பெட்டிகளைப் பிரித்துப் பிரித்துப் பூட்டியதில் அதன் ஒவ்வொரு திருகும் எனக்குப் பாடமாயிற்று. அலை ஓய்ந்ததும் நம் ஆஸ்பத்திரிகள் திரவ ஆக்சிஜன் தொட்டிக்குத் திரும்பிவிட்டன. தொட்டியும் இல்லை, சிலிண்டர் லாரியும் வராது என்கிற ஊர்களில் அந்தப் பெட்டி ஒன்றுதான் வழி. நிமோனியாவில் மூச்சிரைக்கும் குழந்தைக்கு அங்கே வேறு நாதி கிடையாது. நமக்கு ஒரு மாதம் நேர்ந்தது அவர்களுக்கு ஆண்டு முழுக்க நேர்கிறது என்ற எண்ணம் என்னைவிட்டுப் போகவே இல்லை. அதிலிருந்து தொடங்கியதுதான் இந்தப் பயணம்.

வெளிநாட்டில் தன்னார்வலராகப் போவது நம்மிடம் அவ்வளவாகப் பழக்கத்தில் இல்லை. ஆனால் அப்படி வந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அமெரிக்காவில் 1961இல் தொடங்கிய அமைதிப் படையின் இளைஞர்கள் அந்த ஆண்டு முதல் 1976 வரை இந்தியாவுக்கு வந்து கோழி வளர்ப்பு, விவசாயம், சுகாதாரம் என்று கிராமங்களில் தங்கி வேலை செய்தார்கள். பிரிட்டனில் விஎஸ்ஓ என்ற அமைப்பு 1958இல் தொடங்கியது. ஐ.நா. தன்னார்வலர் திட்டத்துக்கு 1970 டிசம்பரில் பொதுச் சபை ஒப்புதல் தந்தது, இன்றைக்கு அதன் தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரில் இருக்கிறது. பணக்கார நாட்டிலிருந்து ஏழை நாட்டுக்கு என்ற பழைய போக்கும் மாறிவிட்டது. கென்யாக்காரர் நேபாளத்துக்குப் போகிறார், பிலிப்பைன்ஸ் நர்ஸ் மலாவிக்குப் போகிறார், இந்திய இன்ஜினீயர் சியரா லியோனுக்குப் போகிறார்.

இவை முறையாக நடக்கும் இடங்களில் ஏற்பாடு ஏறக்குறைய ஒரே மாதிரி. விமான டிக்கெட், மருத்துவக் காப்பீடு, குடியிருக்க இடம், அந்த ஊரில் எளிமையாக வாழ்வதற்கான மாதப்படி ஆகியவற்றை அனுப்பும் அமைப்பு பார்த்துக்கொள்ளும். கையிலிருந்து போட வேண்டாம், மிச்சம் பிடிக்கவும் முடியாது. இதற்கு நேர் எதிராக, உங்களிடமே பெருந்தொகை வாங்கிக்கொண்டு இரண்டு வாரம் அநாதை இல்லத்தில் பாட்டுச் சொல்லிக்கொடுக்க அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன். கம்போடியாவிலும் நேபாளத்திலும் தாய் தகப்பன் உள்ள பிள்ளைகளையே இந்த வருமானத்துக்காக இல்லங்களில் வைத்திருந்தது வெளிவந்திருக்கிறது. ஒரு குழந்தை பதினைந்து நாளுக்கு ஒரு முறை புது அக்காவிடம் ஒட்டிக்கொள்வதும் பிரிவதும் சேவையில் சேராது.

என்னை அனுப்பிய அமைப்பு கணினி வழியாகத்தான் நேர்காணல் நடத்தியது. சர்க்யூட் பற்றிக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்திருந்தேன். நாள் முழுக்கக் கரண்ட் வராவிட்டால் என்ன செய்வீர்கள், நீங்கள் சொல்வதை அங்குள்ள சக ஊழியர் ஏற்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். தேர்வான பிறகு, போக வேண்டிய ஆஸ்பத்திரியின் டெக்னீஷியனிடமிருந்து ஒரு பட்டியல் வந்தது. நாட்டின் தெற்கே, போ என்ற நகரத்துக்கும் அப்பால் உள்ள மாவட்ட ஆஸ்பத்திரி அது. கோடு போட்ட நோட்டுத் தாளில் நீல மையில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார். எந்த மாடல், எத்தனை ஓ-ரிங், எந்த அளவு ஃபியூஸ், ஃபில்டரின் நீள அகலம், ஜியோலைட் குழாய் இரண்டு ஜோடி. ஒவ்வொரு மிஷினின் பின்பக்கத்து லேபிளையும் தனித்தனியாகப் படம் பிடித்து இணைத்திருந்தார். கீழே ஒரு வரி: தயவுசெய்து புது மிஷின் எதுவும் கொண்டுவர வேண்டாம்.

அந்தத் தாளைப் படித்ததும்தான் நான் யாரிடம் போகிறேன் என்று தெரிந்தது. தன் வேலையை அறிந்த மனிதர் ஒருவர் அங்கே இருக்கிறார். அவரிடம் இல்லாதது சாமான். அறிவு இல்லாத இடத்துக்கு அறிவைத் தூக்கிப் போகிறோம் என்கிற எண்ணம் யாருக்காவது இருந்தால், கிளம்புவதற்கு முன்பே அதை இறக்கி வைத்துவிடுவது எல்லோருக்கும் நல்லது.

தடுப்பூசி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் பலருடைய பயணம் நின்றுபோகிறது. சியரா லியோனுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். சென்னையில் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் போடுகிறார்கள். போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்று செல்லும். முன்பெல்லாம் பத்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், 2016 ஜூலையிலிருந்து ஆயுள் முழுக்க ஒன்றே போதும். அந்த மஞ்சள் அட்டையைப் போகும்போது அவர்கள் பார்ப்பார்கள், திரும்பும்போது நம்மவர்கள் அதைவிடக் கறாராகப் பார்ப்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. மஞ்சள் காய்ச்சல் இந்தியாவில் இதுவரை கிடையாது. ஆனால் அதைப் பரப்பக்கூடிய ஏடிஸ் கொசு, நமக்கு டெங்கு தருகிற அதே கொசு, நம் தண்ணீர்த் தொட்டிகளில் கும்மாளமிடுகிறது. கிருமியோடு ஒருவர் வந்து இறங்கினால் மிச்ச வேலையைக் கொசு முடித்துவிடும். அதனால்தான் சான்று இல்லாமல் அந்நாடுகளிலிருந்து வருபவரை ஆறு நாள் வரை தனியே வைக்கிறார்கள். மலேரியாவுக்குத் தடுப்பு மாத்திரை வேறு. எனக்கு டாக்சிசைக்ளின் எழுதித் தந்தார்கள். கிளம்புவதற்கு முன்பே தொடங்கி, தினம் ஒன்று, திரும்பி வந்த பிறகும் நான்கு வாரம். அங்குள்ள மலேரியா மூளையைத் தாக்கவல்ல ஃபால்சிபாரம் வகை. ஓராண்டு மாத்திரையா என்று அலுத்துக்கொண்டு நடுவில் விட்டவர்கள் காய்ச்சலில் விழுந்ததை அங்கே கண்ணால் பார்த்தேன்.

மூட்டை கட்டுவது தனிக் கலை. 23 கிலோ பெட்டியில் எனக்கான துணிமணி அடியில் ஒரு வரிசை, மீதி முழுக்க அந்தப் பட்டியல். அது 2024 நவம்பர் கடைசி, சென்னையில் அடைமழை. ஜியோலைட்டுக்கு ஈரம் எமன். ஈரக்காற்று பட்டால் மணிகள் நைட்ரஜனைப் பிடிக்கும் திறனை இழந்துவிடும். அதனால் அந்த அலுமினியக் குழாய்களின் இரு வாயையும் மூடி, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இரண்டு அடுக்கு பிளாஸ்டிக்கில் சுற்றி, காற்றை வெளியே பிதுக்கி ஒட்டினேன். மானிட்டருக்கான லித்தியம் பேட்டரிகளைக் கைப்பையில் வைத்தேன். உதிரி லித்தியம் பேட்டரியைச் சரக்கு அறைக்குப் போகும் பெட்டியில் போடவே கூடாது. அங்கே தீப்பிடித்தால் அணைக்க ஆள் இல்லை என்பதுதான் விதியின் காரணம். அவ்வளவும் செய்து, எக்ஸ்ரே மிஷினில் அந்த அலுமினியக் குழாய்கள் எப்படித் தெரியும் என்று யோசித்து, அவை என்னவென்று விளக்கும் கடிதத்தைப் பெட்டியின் மேலேயே வைத்தேன். சென்னையில் பாதுகாப்பு அதிகாரி கடிதத்தை முழுதாகப் படித்துவிட்டு, "ஆக்சிஜன் மிஷின் ஸ்பேரா? கொரோனாவுல எங்க வீட்லயும் ஒண்ணு வச்சிருந்தோம் மேடம்" என்று சொல்லிப் பெட்டியை மூடித் தந்தார்.

சென்னையிலிருந்து மும்பை, மும்பையிலிருந்து நைரோபி, நைரோபியிலிருந்து ஃப்ரீடவுன். மும்பை–நைரோபி விமானத்தில் என் வரிசையில் ஒரு கென்யத் தாயும் மகனும். அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். மடியில் ஒரு மஞ்சப்பை, சென்னை ஜவுளிக்கடைப் பெயர் தமிழில் அச்சிட்டது. அதற்குள் பெரிய ஸ்கேன் கவர். தூங்கும்போதும் அதை விடவில்லை. சென்னையில் இதய ஆபரேஷன் முடித்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். கிசுமு பக்கம் அவர்களுக்கு இருந்த நிலத்தில் ஒரு பகுதியை விற்றுத்தான் வந்ததாக மகன் சொன்னார். சென்னைச் சாப்பாட்டில் அம்மாவுக்குப் பிடித்தது இட்லி மட்டும்தானாம். நான் எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன் என்று விசாரித்தார். சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வருடம் முடிந்து நீங்கள் போன பிறகு அந்த மிஷின்களை யார் பார்ப்பார்கள்?"

அதைக் குறை சொல்லும் தொனியில் அவர் கேட்கவில்லை. நிலத்தை விற்றவருக்கு இதைக் கேட்கும் உரிமை இருந்தது. ஆபரேஷனுக்காகக் கடல் தாண்டி நம் ஊருக்கு வரும் ஆப்பிரிக்கர்களைச் சென்னையின் ஆஸ்பத்திரி வாசல்களில் எத்தனையோ முறை கடந்துபோயிருக்கிறேன். விற்க நிலம் இல்லாதவர் கதி என்ன என்பதை அந்த இருக்கையில்தான் உட்கார்ந்து யோசித்தேன். அந்தக் கேள்வியைக் கைப்பையின் ஓரத்தில் இருந்த சின்ன நோட்டில் எழுதிக்கொண்டேன். அங்கே போய் எதைத் தொட்டாலும் முதலில் இதைக் கேட்டுக்கொள்வது என்று அப்போதே முடிவாகிவிட்டது.

ஆப்பிரிக்கா எவ்வளவு பெரிது என்பது வரைபடத்தில் தெரியாது. அரபிக் கடலைத் தாண்டி மும்பையிலிருந்து நைரோபிக்கு சுமார் 4,500 கிலோமீட்டர். நைரோபியிலிருந்து ஃப்ரீடவுனுக்கு, ஒரே கண்டத்துக்குள், சுமார் 5,600. கடலைவிட நிலம் அகலம். விக்டோரியா ஏரிப் பக்கத்தை விட்டதும் காங்கோ காடு தொடங்கியது. சாலை கண்ணில் படவில்லை, கூரை படவில்லை, நடுநடுவே பழுப்பு நிற ஆறு மட்டும் வளைந்து வளைந்து வந்தது. மேற்கே போகப் போகப் பகல் நீண்டுகொண்டே இருந்தது. கென்யாவைவிட சியரா லியோன் மூன்று மணி நேரம் பின்தங்கியது, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம். சாப்பாட்டு நேரம் எது, மாத்திரை நேரம் எது என்று உடம்பு குழம்பிப் போகும். மாத்திரையை இந்திய நேரப்படியே தொடர்ந்து, போய்ச் சேர்ந்த பிறகு மெல்ல மாற்றிக்கொள்வது நல்லது.

ஃப்ரீடவுனின் விமான நிலையம் ஃப்ரீடவுனில் இல்லை. லுங்கி என்ற ஊரில், ஓர் அகன்ற கழிமுகத்துக்கு அக்கரையில் இருக்கிறது. 2023இல் திறந்த புதுக் கட்டடம். குடியேற்ற அதிகாரியை அடைவதற்கு முன்பே மஞ்சள் அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். இதை வெறும் சம்பிரதாயமாக எடுத்துக்கொள்ள முடியாது. 2014இல் எபோலா இந்த நாட்டுக்குள் வந்து கிட்டத்தட்ட நாலாயிரம் உயிரைக் கொண்டுபோனது. நாட்டிலிருந்த டாக்டர், நர்ஸ், மருத்துவச்சிகளில் சுமார் 7 விழுக்காட்டினர் அதில் இறந்தார்கள் என்பது உலக வங்கியின் கணக்கு. கெனெமா ஆஸ்பத்திரியில் எபோலா நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர் ஷேக் உமர் கானும் அந்த ஜூலையில் அதே நோயால் இறந்தார். அதற்கு முன் 1991 முதல் 2002 வரை உள்நாட்டுப் போர். இவ்வளவுக்கும் நடுவே 2010 ஏப்ரலில் கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இலவச மருத்துவத்தை அரசு கொண்டுவந்தது. பிரசவத்தில் தாய்மார்கள் இறக்கும் விகிதம் ஐ.நா. மதிப்பீட்டில் 2015இல் லட்சத்துக்கு 1,360, உலகிலேயே மிக அதிகம். 2020க்கான மதிப்பீடு 443. இன்னும் மிக அதிகம்தான். ஆனால் இந்த இறக்கத்துக்குப் பின்னால் எத்தனை நர்ஸ்கள் எத்தனை இரவு விழித்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்தால், இது கைவிடப்பட்ட நாடு என்று யாரும் பேசமாட்டார்கள்.

சுங்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். அதிகாரி குழாயைக் கையில் எடுத்து எடை பார்த்தார், கடிதத்தைப் படித்தார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "அங்கே கரண்ட் ஏற்ற இறக்கமாக வரும். ஸ்டெபிலைசர் வைத்திருக்கிறீர்களா?" என்றார். பட்டியலில் இருக்கிறது, ஃப்ரீடவுனில் வாங்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். எந்தத் தெருவில் நல்லது கிடைக்கும் என்று சொல்லி அனுப்பினார்.

லுங்கியிலிருந்து சாலை வழியாகச் சுற்றிப் போனால் மூன்று மணி நேரத்துக்கும் மேல். படகில் முக்கால் மணிக்குள். லைஃப் ஜாக்கெட் மாட்டி உட்கார வைத்தார்கள். எதிரே கடலிலிருந்து நேராக எழும்பும் மலைகள், அவற்றின் மேல் படிப்படியாக விளக்குகள். உலகின் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் இதுவும் ஒன்று. பக்கத்திலிருந்த உள்ளூர்ப் பெரியவர் இருட்டில் ஆற்றின் மேல்பக்கமாகக் கையைக் காட்டி, பன்ஸ் தீவு அந்தப் பக்கம்தான் என்றார். படகிலிருந்து தெரியாது, இன்னும் உள்ளே போக வேண்டும்.

பன்ஸ் தீவைப் பற்றி வரும் முன்பே படித்திருந்தேன், காவிரிக் கரையில் பிறந்தவள் என்பதால் அது என்னை விடவில்லை. 1670 வாக்கிலிருந்து 1807இல் பிரிட்டன் அடிமை வணிகத்தைத் தடை செய்யும் வரை அங்கே ஓர் ஆங்கிலேயக் கோட்டை இருந்தது. பல்லாயிரம் பேரை அங்கிருந்து கப்பலேற்றினார்கள். அவர்களில் பலரை அமெரிக்காவின் தென் கரோலினா, ஜார்ஜியா தோட்டக்காரர்கள் விலை அதிகம் கொடுத்து வாங்கினார்கள். காரணம், இந்தக் கரையின் மக்களுக்கு நெல் விளைவிக்கத் தெரியும். சதுப்பு நிலத்தில் வரப்புக் கட்ட, தண்ணீர் நிறுத்த, வடிக்க, நாற்று நட, குத்திப் புடைக்க அறிந்தவர்கள். அவர்கள் கையில் இருந்த அந்த அறிவே அவர்களுக்கு விலங்காயிற்று. கரோலினாவின் செல்வம் அந்த நெல்லில் வந்தது. அங்கே இன்றும் வாழும் குல்லா மக்கள் அவர்களின் வழிவந்தவர்கள். 1989இல் அவர்களில் ஒரு குழுவினர் மூதாதையர் மண்ணைப் பார்க்க இதே கரைக்கு வந்தார்கள். ஃப்ரீடவுன் என்ற நகரமே அடிமைத்தளையிலிருந்து மீண்டவர்கள் எழுப்பியது. 1792இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து ஏறக்குறைய 1,200 பேர் 15 கப்பல்களில் அட்லாண்டிக்கைத் தாண்டி வந்து இறங்கினார்கள். விமானத்தில் கால் வீங்கிவிட்டது என்று பேசுவதற்கு எனக்கு அதன் பிறகு வாய் வரவில்லை.

இந்த ஊர்க்காரர்களும் சோற்று மக்கள்தான். சராசரியாக ஓராளுக்கு ஆண்டுக்கு 100 கிலோ அரிசிக்கு மேல் ஆகிறது. மரவள்ளி இலையையோ சர்க்கரைவள்ளி இலையையோ இடித்து, செம்பனை எண்ணெயும் கருவாடும் மிளகாயும் சேர்த்துக் குழம்பு வைத்து, சோற்றின் மேல் ஊற்றித் தருவார்கள். வேறு எதைச் சாப்பிட்டிருந்தாலும் சோறு உண்ணாதவரை "இன்னும் சாப்பிடவில்லை" என்றுதான் சொல்கிறார்கள். எங்கள் தாத்தா சொல்வதும் அதேதான்.

மறுநாள் ஸ்டெபிலைசர் வாங்கப் போனபோது தெருவெல்லாம் ஆட்டோ. அவர்கள் கெக்கே என்கிறார்கள். பாதிக்கு மேல் டிவிஎஸ், பஜாஜ் பெயர் போட்டவை. ஓசூரில் பூட்டிய வண்டி அட்லாண்டிக் ஓரத்தில் மேடேறிக்கொண்டிருந்தது. இங்கே பணத்தில் கவனம் வேண்டும். 2022 ஜூலையில் லியோன் நோட்டிலிருந்து மூன்று பூஜ்யங்களை எடுத்துவிட்டார்கள், மக்கள் வாயிலிருந்து எடுக்க முடியவில்லை. ஐம்பதாயிரம் என்று கடைக்காரர் சொன்னால் ஐம்பது கொடுக்க வேண்டும். கிரியோ மொழி சீக்கிரம் ஒட்டிக்கொள்கிறது. "குஷே" என்று வணக்கம் சொல்லி, "ஹவ் டி போடி?" என்று உடம்பு நலம் விசாரித்த பிறகுதான் எந்தப் பேச்சும். கடைக்குள் நுழைந்ததும் விலை கேட்பது மரியாதைக் குறைவு. என்னை அழைத்துப்போன ஓட்டுநர் இதைக் காரிலேயே பாடமாக நடத்திவிட்டார்.

ஃப்ரீடவுனிலிருந்து போ நகரத்துக்குச் சாலை நன்றாக இருக்கிறது. மசியாகா சந்திப்பில் கார் நின்றதும் ஜன்னலுக்கு ஜன்னல் வேகவைத்த முட்டை, நிலக்கடலை, ரொட்டி, பச்சைத் தோலை மட்டும் சீவி வெள்ளைத் தோலை விட்டுவைத்த ஆரஞ்சு. மேலே வெட்டிவிட்டுச் சாற்றை அப்படியே பிழிந்து குடிக்க வேண்டும். போ தாண்டிய பிறகு செம்மண் பாதை. மழைக்காலம் முடிந்து வறட்சி தொடங்கும் நேரம். டிசம்பரிலிருந்து சஹாராவின் புழுதியைச் சுமந்து ஹர்மட்டான் காற்று வரும் என்றார் ஓட்டுநர். எனக்கு உடனே மிஷின் ஃபில்டர்கள்தான் நினைவுக்கு வந்தன.

ஆஸ்பத்திரி வாசலில் பட்டியல் எழுதியவர் நின்றிருந்தார். என்னைவிட இளையவர், மெலிந்த உடல், சட்டைப்பையில் டெஸ்டர். வந்த களைப்பைக் கேட்டார், தண்ணீர் கொடுத்தார். பிறகு பின்பக்கத்து ஷெட்டுக்கு அழைத்துப்போனார். கூரை வரை மிஷின்கள். வெளிநாடுகளிலிருந்து நல்ல மனதோடு அனுப்பியவை. அமெரிக்காவிலிருந்து வந்தவை 110 வோல்ட், இங்கே வருவது 230. சிலவற்றுக்கு வயர் இல்லை, சிலவற்றின் கம்பெனியே மூடிவிட்டது, சிலவற்றின் கையேடு இங்கே யாரும் படிக்காத மொழியில். 16 நாடுகளின் ஆஸ்பத்திரிக் கணக்குகளைத் தொகுத்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு, அங்குள்ள மருத்துவக் கருவிகளில் ஏறக்குறைய 40 விழுக்காடு ஓடாமல் கிடக்கிறது என்று சொன்னது. புது மிஷின் வேண்டாம் என்று அவர் ஏன் எழுதினார் என்பதற்கு அந்த ஷெட்டைவிட வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

மறுநாள் காலை குழந்தைகள் வார்டின் கான்சன்ட்ரேட்டர் ஒன்றை மேஜையில் வைத்துத் திறந்தோம். ஃபில்டர் செங்கல் நிறத்தில் கட்டியாகியிருந்தது. உள்மூலையில் பல்லி முட்டை. கம்ப்ரசர் நன்றாகவே ஓடியது. வெளிவரும் காற்றை அனலைசரில் பிடித்தால் ஆக்சிஜன் 58 விழுக்காடு. 82க்குக் கீழே போனால் குழந்தைக்குப் பயன்படுத்தக் கூடாது. அதன் அபாய மணியோ எப்போதோ அறுந்துபோயிருந்தது. குழாயைக் கழற்றிச் சாய்த்தார். மணிகள் ஈரம் ஏறி மாவாக உதிர்ந்தன. நான் கொண்டுவந்த குழாயின் ஒட்டைப் பிரித்துக் கொடுத்தேன். ஓ-ரிங்குக்குக் கிரீஸ் தடவிப் பூட்டினார். என் கை அதில் படவே தேவையில்லாமல் இருந்தது. மிஷினை ஓடவிட்டு இருவரும் அனலைசரையே பார்த்துக்கொண்டு நின்றோம். எழுபது, எண்பத்து மூன்று, தொண்ணூறு. 93இல் நின்றது. வார்டு நர்ஸ் வந்து, கேட்காமலேயே உருட்டிக்கொண்டு போய்விட்டார். அங்கே ஒரு குழந்தை காத்திருந்தது.

விமானத்தில் எழுதிய கேள்வியை நான் அவரிடம் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. மிஷின்கள் முக்காலும் கெடுவது ஃபில்டர் கழுவாததால், அதைக் கழுவ இன்ஜினீயர் தேவையில்லை, வாரத்துக்கு ஒரு முறை சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்க நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், ஹர்மட்டான் வருவதற்குள் செய்ய வேண்டும் என்றார். இதை மேலே சொல்லிக் களைத்துப் போயிருந்தார், வெளிநாட்டு இன்ஜினீயர் சேர்ந்து கேட்டால் மேட்ரன் நேரம் ஒதுக்குவார் என்று கணக்குப் போட்டிருந்தார். சேர்ந்து போய்க் கேட்டோம். மேட்ரன் டியூட்டி அட்டவணையைப் புரட்டிப் பார்த்து, இரண்டு ஷிப்டும் சந்திக்கும் புதன்கிழமை மதியத்தைத் தந்தார். பிரசவ வார்டிலிருந்து ஒருவர், குழந்தைகள் வார்டிலிருந்து இருவர், ஆபரேஷன் தியேட்டரிலிருந்து ஒருவர் என்று பெயர் எழுதிக்கொண்டோம். வகுப்பை அவர் கிரியோவில் எடுப்பதாகவும், வாளியும் சோப்பும் பழைய ஃபில்டர்களும் என் பொறுப்பு என்றும் முடிவாயிற்று.